தொடைக்குப் போன மாத்திரை

சித்தப்பாவுக்கு 68 வயது. வீடு சுவாமிமலையில். கும்பகோணத்தில் என்ன வேலை இருந்தாலும் சைக்கிளை எடுத்துவிடுவார். எட்டு கிலோமீட்டர். எதிர்க்காற்று இல்லையென்றால் முப்பத்தைந்து நிமிடம், இருந்தால் முக்கால் மணி என்று கணக்கு வைத்திருக்கிறார்.

சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவருடைய இதயத்தில் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். ஆனாலும் துடிப்பு சீராகவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். தாளம் தப்பிய மிருதங்கம் மாதிரி நாடி ஓடும். அதை அடக்க டிஜாக்ஸின், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், தண்ணீர் இறங்க ஒரு மாத்திரை. டிஜாக்ஸினுக்கு மட்டும் சனி, ஞாயிறு லீவு. வாரத்துக்கு ஐந்து நாள் என்பது நம் ஊர் டாக்டர்கள் பலர் எழுதும் பழைய கணக்கு.

போன வருடம் ஒரு நாள், ரத்தத்தில் டிஜாக்ஸின் அளவு பார்க்கச் சொன்னார் டாக்டர். காலை மாத்திரையைப் போடாமல் லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தார் சித்தப்பா. சாம்பிள் சென்னைக்குப் போய், ரிசல்ட் வர இரண்டு நாள். 0.5 என்று வந்தது. அதற்கு முந்தைய தடவை 0.8. நாடியும் கொஞ்சம் வேகமாக இருந்தது. சனிக்கிழமை லீவை ரத்து செய்துவிடலாம் என்று டாக்டர் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

“லேபுக்கு எப்படிப் போனீங்க?”

“எப்பவும்போலத்தான் டாக்டரம்மா. சைக்கிள்ல.”

“முந்தின தடவை?”

“அப்ப பையன் ஊர்ல இருந்தான். கார்ல கூட்டிட்டுப் போனான்.”

“இன்னிக்கு இங்கே?”

“சைக்கிள்தான்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கால் மணி நேரம் வெளியே உட்காரச் சொல்லி மறுபடி நாடி பார்த்தார். நிதானத்துக்கு வந்திருந்தது. “அடுத்த வாரம் பஸ்ல போங்க. லேப்ல உக்காந்து பேப்பரை முழுசாப் படிங்க. அப்புறமாக் கையை நீட்டுங்க” என்றார். அந்த ரிசல்ட் 0.8. மாத்திரை மாறவில்லை, உடம்பும் மாறவில்லை. மாறியது போக்குவரத்து மட்டும்தான்.

வீட்டில் எல்லோரும் இதைச் சிரிப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. முக்கால் மணி நேர சைக்கிளில் அந்த மாத்திரை எங்கே போயிற்று?

தசைக்குள் ஒரு கிடங்கு

பதில் ஸ்வீடனில் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே டோமஸ் யோகெஸ்ட்ராண்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டிஜாக்ஸின் சாப்பிட்டுவந்த தன்னார்வலர்களை உடற்பயிற்சி சைக்கிளில் ஒரு மணி நேரம் மிதிக்க வைத்தார்கள். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். அதோடு நிறுத்தாமல், தொடைத் தசையில் ஊசியால் துளி அளவு சதையையும் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் டிஜாக்ஸின் குறைந்திருந்தது; தொடைத் தசையில் கூடியிருந்தது. மிதித்த வேகம் கூடக்கூட இந்த இடமாற்றமும் கூடியது.

டிஜாக்ஸின் வேலை செய்யும் இடம் செல்லின் சுவரில் இருக்கிற ஒரு பம்ப். சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிற பம்ப் அது. 1957-இல் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ அதைக் கண்டறிந்து எழுதினார். நாற்பது வருடம் கழித்து, 1997-இல், நோபல் பரிசு வந்தது. இதயத் தசையில் இந்தப் பம்பை டிஜாக்ஸின் லேசாக அழுத்திப் பிடிக்கும்போது இதயம் அழுத்தமாகச் சுருங்குகிறது. ஆனால் இந்தப் பம்ப் இதயத்துக்கு மட்டும் சொந்தமானதில்லை. கை கால் தசையெல்லாம் இதே பம்ப்தான். உடல் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் தசை என்றால், எத்தனை கோடி பம்புகள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தசை உழைக்கும்போது பம்புகள் வேகமெடுக்கின்றன. ஓடுகிற பம்பில் டிஜாக்ஸின் ஒட்டிக்கொள்வது எளிது. சித்தப்பாவின் தொடை அன்று காலை எட்டு கிலோமீட்டருக்கு உழைத்திருந்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. உடம்பில் இருக்கிற மொத்த டிஜாக்ஸினில் ரத்த நீரில் மிதப்பது நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. மீதி முழுக்கத் திசுக்களில், பெரும்பகுதி தசையில். லேபில் நாம் அளப்பது கிடங்கில் உள்ள மூட்டைகளை அல்ல. வாசலில் நிற்கிற ஒரே ஒரு மூட்டையை. கிடங்கு கொஞ்சம் உள்ளே இழுத்தாலே வாசல் காலியாகத் தெரியும்.

சைக்கிள் மிதித்ததால் டிஜாக்ஸின் குறைவாகக் காட்டியது, சரி. அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். கெடுவதற்கு வழி இருக்கிறது. டிஜாக்ஸின் குறுகலான வரப்பில் நடக்கிற மருந்து. இதயச் செயலிழப்புக்கு இன்று பலரும் வைத்திருக்கும் இலக்கு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம். 2-ஐத் தாண்டினால் விஷத்தின் எல்லை: பசி போகும், குமட்டும், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியலாம், துடிப்பு தாறுமாறாகும். சைக்கிள் காட்டிய 0.5-ஐ நம்பி டாக்டர் அளவைக் கூட்டியிருந்தால்? அடுத்த மாதமே சித்தப்பா காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று படுத்திருந்தால்? தசை ஓய்ந்து, கிடங்கிலிருந்த மருந்து ரத்தத்துக்குத் திரும்பியிருக்கும். தண்ணீர்ச்சத்து வற்றி, சிறுநீரகம் அதை வெளியேற்றுவதும் சுணங்கியிருக்கும். பொட்டாசியமும் குறைந்திருந்தால் அதே அளவு மருந்தே இதயத்தைக் கூடுதலாகத் தாக்கும். மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்து வருவது அபூர்வமான விபத்து ஒன்றும் இல்லை. நம் ஊர் ஐப்பசி மழைக்காலத்தில் எந்த வார்டுக்குப் போனாலும் இப்படி ஒரு முதியவர் படுத்திருப்பார்.

படுக்கையின் பங்கையும் அளந்திருக்கிறார்கள். அதே காலத்தில் டென்மார்க்கில் நடந்த ஆய்வில், நடமாடிக்கொண்டிருந்தவர்களை அசையாமல் படுக்க வைத்ததும் ரத்தத்தில் டிஜாக்ஸின் ஏறியது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று படுக்கையில் விழுந்தால், பழைய அளவு மாத்திரையே அவருக்குப் புதிய அளவாகிவிடும்.

பச்சைச் சாயம் சொன்ன கதை

டிஜாக்ஸினை விட்டு மற்ற இதய மாத்திரைகளுக்கு வருவோம். அங்கே கதை வேறு. தசையைவிடக் கல்லீரலும் சிறுநீரகமும்தான் பாத்திரங்கள்.

இதயப் பரிசோதனைக்குப் போனவர்களுக்கு டி.எம்.டி. தெரியும். ஓடுகிற பட்டையில் ஏற்றிவிடுவார்கள். பத்து சதவீதச் சரிவு, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம் என்று ஆரம்பித்து, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். ‘புரூஸ் புரோட்டோகால்’ என்று ரிப்போர்ட்டில் ஒரு மூலையில் அச்சாகியிருக்கும். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸின் பெயர் அது. அதே புரூஸ், லோரிங் ரோவெல், ஜான் பிளாக்மன் மூவரும் 1964-இல் இன்னொன்று செய்தார்கள். நடந்துகொண்டிருக்கும் ஆட்களின் ரத்தத்தில் இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தை ஏற்றினார்கள். அந்தச் சாயத்தை உடம்பில் கல்லீரல் மட்டுமே பிடித்து வெளியேற்றும். எனவே சாயம் எவ்வளவு வேகமாக மறைகிறது என்று பார்த்தால், கல்லீரலுக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று தெரிந்துவிடும்.

உடற்பயிற்சி கடுமையாக ஆக ஆக, சாயம் மறையும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. சும்மா இருக்கும்போது கல்லீரலுக்கும் குடலுக்கும் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் அளவில் ரத்தம் போகும். உயிரைக் கொடுத்து ஓடும்போது அது கால்வாசிக்குக்கூட இறங்கிவிடும். சிறுநீரகத்துக்கும் இதே கதிதான். ஓய்வில் நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தள்ளும் இதயம் ஓட்டத்தில் இருபது லிட்டருக்கு மேல் தள்ளுகிறது. ஆனால் அந்தக் கூடுதல் வெள்ளம் எல்லாம் தசைக்கும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும். அறுவடை நாளில் வீட்டு ஆட்கள் எல்லோரும் வயலுக்குப் போய்விட, அடுப்படியில் ஒரு பாட்டி மட்டும் மிஞ்சுவது போலத்தான்.

மருந்தை உடைத்து அழிப்பது கல்லீரல். கழுவி வெளியேற்றுவது சிறுநீரகம். அங்கே ரத்தம் குறைந்தால் மருந்து தங்கும். எல்லா மருந்துக்கும் இது ஒரே மாதிரி இல்லை. புரோபரனலால், வெரபமில் போன்றவற்றைக் கல்லீரல் வந்த வேகத்தில் பிடித்துவிடும். எவ்வளவு ரத்தம் வருகிறதோ அவ்வளவு மருந்து அழியும். அதனால் ரத்த ஓட்டம் குறைந்தால் அழிவதும் குறையும். வேறு சில மருந்துகளைக் கல்லீரல் சாவகாசமாகத்தான் கவனிக்கும். அவற்றுக்கு ரத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அட்டெனலால் கல்லீரலைக் கிட்டத்தட்ட எட்டிப்பார்ப்பதே இல்லை. நேராகச் சிறுநீரக வழியாக வெளியேறுகிறது. நீண்ட நேரம் கடுமையாக உழைக்கும்போது அது வெளியேறுவது மந்தமாகும்.

இன்னொரு மாயமும் உண்டு. கடுமையாக உடற்பயிற்சி தொடங்கிய சில நிமிடங்களில் ரத்த நீரில் பத்துப் பதினைந்து சதவீதம் தசைப் பக்கம் கசிந்துவிடும். மருந்து கூடாமலேயே அதன் செறிவு கூடிவிடும். ரசத்தைக் கொதிக்கவிட்டுச் சுண்டினால், உப்பே போடாமல் உப்புத் தூக்கலாகத் தெரியுமே, அதேபோல. லேப் மெஷினுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

புரோபரனலாலை வைத்து ஐரோப்பாவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். உடற்பயிற்சியின்போது ரத்தத்தில் அதன் அளவு ஏறுகிறது, நிறுத்தினால் இறங்குகிறது. ரத்தம் சுண்டுவதால் மட்டும் வருகிற ஏற்றமில்லை இது. திசுக்களில் தங்கியிருந்த மருந்தும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. டிஜாக்ஸின் தசைக்குள் போகிறது, புரோபரனலால் திசுவிலிருந்து வெளியே வருகிறது. ஒரே நடை, ஒரே மனிதர், எதிரெதிர் திசை. நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரத்து ஆய்வாளர் மார்லீன் வான் பாக், இந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1990-இல் ஒரு நீண்ட மதிப்பீட்டுக் கட்டுரை எழுதினார். இந்தத் துறைக் கட்டுரைகளில் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நாளைக் காலை பாதிப் பேர் வாக்கிங்கை நிறுத்திவிடுவார்கள். நாற்பது நிமிட நடையில் கல்லீரல் கொஞ்சம் பட்டினி கிடந்தாலும், மீதி இருபத்துமூன்று மணி நேரம் அது வழக்கம்போல் வேலை செய்கிறது. ஒரு நாள் முழுவதற்குமான சராசரியில் அந்த ஏற்றம் கரைந்துவிடும். கவனிக்க வேண்டியவர்கள் குறுகலான வரப்பில் நடக்கும் மருந்துகளைச் சாப்பிடுபவர்களும், மணிக்கணக்கில் ஓடுபவர்களும், ரத்தம் கொடுக்கிற நேரத்துக்குச் சற்று முன் வியர்த்து வந்தவர்களும்தான்.

கைக்கடிகாரம் சொல்லும் பொய்

புரோபரனலால், அட்டெனலால் போன்ற பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்த அளவைவிடப் பெரிய குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. பூங்காவில் மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்ச் கட்டியவர்களைப் பார்க்கிறோம். ‘220-இலிருந்து வயதைக் கழி, அதுதான் உன் உச்சத் துடிப்பு’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அறுபது வயதுக்காரருக்கு 160. அதில் எழுபது சதவீதமாவது வர வேண்டும் என்று முகம் சிவக்க நடப்பார். மெட்டோபிரோலாலோ பிஸோபிரோலாலோ சாப்பிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதற்காகத்தான் அந்த மாத்திரையே. உச்சத்துக்குப் போனாலும் 120-ஐத் தொடாமல் போகலாம். கடிகாரத்தைத் திருப்திப்படுத்த ஓடினால் இதயம்தான் விலை கொடுக்கும். டி.எம்.டி.க்கு முன்னால் ஓரிரு நாள் இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி டாக்டர்கள் சில சமயம் சொல்வதும் இதனால்தான். டாக்டர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம்.

இவர்களுக்கு ஸ்வீடன்காரர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் உதவும். 6-இலிருந்து 20 வரை எண்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நீங்களே மதிப்பெண் போடுகிறீர்கள். இதயப் புனர்வாழ்வு வகுப்புகளில் 11 முதல் 13 வரை போதும் என்பார்கள். எண்ணெல்லாம் வேண்டாம் என்றால், நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

புரோபரனலாலைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-இல் நோபல் கிடைத்தது. அந்த மாத்திரை கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனால் துப்பாக்கி சுடும் போட்டியிலும் வில்வித்தையிலும் அதற்குத் தடை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சூ துப்பாக்கி சுடுதலில் வாங்கிய இரண்டு பதக்கங்களும் ஊக்கமருந்துப் பரிசோதனைக்குப் பிறகு பறிபோயின. அவர் உடம்பில் இருந்தது, நம் ஊரில் பலருக்கு ஒற்றைத் தலைவலிக்கு எழுதப்படும் அதே மாத்திரை.

ஒட்டுப் பட்டையும் ஊசியும்

வாயில் போடுகிற மாத்திரையைவிடத் தோலில் ஒட்டுகிற மருந்தில் உடற்பயிற்சியின் கை ஓங்கியிருக்கிறது. நெஞ்சுவலிக்காரர்கள் சிலர் மார்பில் நைட்ரோகிளிசரின் பட்டை ஒட்டியிருப்பார்கள். மருந்து தோல் வழியாக மெல்ல மெல்ல இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. உடம்பு சூடாகி, தோலில் ரத்தம் பாய்ந்தால் ஏற்பாடு குலைகிறது. 1986-இல் நார்வேயில் பட்டை ஒட்டியவர்களை உடற்பயிற்சி செய்ய வைத்தும், சானா என்ற சூட்டு அறையில் உட்கார வைத்தும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டிலும் மருந்தின் அளவு மடங்குக்கணக்கில் ஏறியது. சித்திரை வெயிலில் பன்னிரண்டு மணிக்குப் பேருந்துக்கு நிற்கிற நம் ஆளுக்குச் சானா தனியாக வேண்டியதில்லை. ஏறினால் என்ன ஆகும்? ரத்தக் குழாய்கள் விரிந்து, ரத்த அழுத்தம் இறங்கி, கண் இருட்டும். விழுந்தால் இடுப்பெலும்பு.

இதய நோயும் சர்க்கரையும் நம் வீடுகளில் ஒன்றாகவே குடியிருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1978-இல் வெய்க்கோ கொய்விஸ்டோ, ஃபிலிப் ஃபெலிக் இருவரும் செய்த ஆய்வு இது: தொடையில் இன்சுலின் போட்டுவிட்டு உடனே சைக்கிள் மிதித்தால் இன்சுலின் ரத்தத்தில் ஏறும் வேகம் கூடுகிறது. வயிற்றில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. நடைக்குக் கிளம்பும் முன் தொடையில் ஊசி போடுபவர்கள் இடத்தை மாற்றுவது பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

பூங்கா வாசல் சூப்

சித்தப்பாவின் இரண்டாவது மாத்திரை அசிட்ரோம். வால்வு மாற்றியவர்களுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணை மாதாமாதம் பார்க்க வேண்டும். எண் குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். இதன் அண்ணன் முறையான வார்ஃபரினைச் சாப்பிடுபவர்களிடம் அமெரிக்காவில் செய்த ஆய்வில், தவறாமல் உடற்பயிற்சி செய்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு தேவைப்பட்டது. ஆக, சோம்பி இருந்தவர் திடீரென்று தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தால் அவருடைய ஐ.என்.ஆர். நகரலாம்.

நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சிக்கல். நடக்க ஆரம்பிப்பவர் நடையோடு நிற்பதில்லையே. பூங்கா வாசலில் தள்ளுவண்டி. எவர்சில்வர் அண்டாவில் முருங்கைக்கீரை சூப், பக்கத்தில் அருகம்புல் சாறு. ‘உடம்புக்கு நல்லது சார்’ என்று ஒரு டம்ளர். முருங்கைக்கீரையில் வைட்டமின் கே ஏராளம். அசிட்ரோமின் வேலையை நேராக எதிர்ப்பது அந்த வைட்டமின்தான். ஒரு மாதம் கழித்து எண் இறங்கினால் அது நடையாலா, சூப்பாலா? டாக்டருக்கு இரண்டுமே தெரியாது, நாம் சொல்லாத வரை. சூப்பை விடச் சொல்லவில்லை. தினமும் ஒரே அளவு குடியுங்கள், குடிப்பதாகச் சொல்லுங்கள். அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்வார்கள்.

எதற்குக் கவலை வேண்டாம்

பக்கத்து வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்தால் அதிகம் கிடைப்பது அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாட்டின். அம்லோடிபின் பாதியாகக் குறையவே முப்பது முதல் ஐம்பது மணி நேரம் ஆகும். உங்கள் காலை நடை அதற்கு ஒரு கண் சிமிட்டல். ஆஸ்பிரினோ இன்னும் வேடிக்கை. அரை மணிக்குள் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் அது தொட்டுவிட்ட தட்டணுக்கள் ஆயுள் முடியும்வரை, ஏழு முதல் பத்து நாள், செயலற்றே இருக்கும். அதன் ரத்த அளவு ஏறினாலும் இறங்கினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ஸ்டாட்டினில் ஒரு சின்ன எச்சரிக்கை. பாஸ்டன் மராத்தான் ஓடியவர்களைப் பார்த்ததில், ஸ்டாட்டின் சாப்பிட்டு ஓடியவர்களின் ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சி.கே. என்ற நொதி மற்றவர்களைவிட அதிகம் ஏறியிருந்தது. ஜிம்மில் பளு தூக்கிய மறுநாள் ரத்தம் கொடுத்து, சி.கே. ஏறியதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மூன்று நான்கு நாள் பளுவை விட்டுவிட்டு மறுபடி பார்த்தாலே பாதிப் பயம் தீர்ந்துவிடும். தசைவலி தாங்க முடியாமல் இருந்தாலோ, சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் போனாலோ கதை வேறு. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

ரத்த அளவு மாறாமலேயே மருந்தின் வேலை மாறுவதும் உண்டு. நடந்து முடித்த பிறகு சில மணி நேரத்துக்கு ரத்த அழுத்தம் தானாகவே இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் பி.பி. மாத்திரையும் உச்சத்தில் இருந்தால், பெஞ்சிலிருந்து எழும்போது கிறுகிறுப்பு வரும். வேகமாக நடந்துவிட்டு சட்டென்று நிற்காதீர்கள். கடைசி ஐந்து நிமிடம் தேர் நிலைக்கு வருவதுபோல மெல்ல வந்து நில்லுங்கள். நெஞ்சு இறுக்கி, நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்க நேர்ந்தால், உட்கார்ந்துகொண்டு வையுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. லேபில் ரத்தம் எடுக்கிற பெண் சர்க்கரைக்கு மட்டும் “சாப்பிட்டீங்களா?” என்று தவறாமல் கேட்பார். “எப்படி வந்தீங்க?” என்று யாரும் கேட்பதில்லை. ரிசல்ட் தாளில் பெயர், வயது, மணி எல்லாம் இருக்கும்; மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபடி கையை நீட்டினாரா, அரை மணி உட்கார்ந்திருந்தாரா என்பதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. மருந்தின் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்காவது அந்தக் கட்டம் வேண்டும். அச்சடிக்கப் பத்துப் பைசா செலவாகுமா?

அதுவரை நாமே எழுதிக்கொள்ளலாம். டிஜாக்ஸின் அளவு பார்க்கப் போகிறீர்கள் என்றால், கடைசி மாத்திரை போட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்; அன்றைக்கு நடை, சைக்கிள், கோயில் பிரகாரம் சுற்றுவது எதுவும் ரத்தம் கொடுத்த பிறகுதான்; போனதும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் சும்மா உட்காருங்கள். எந்த இதய மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலும், தினமும் எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள், புதிதாக ஜிம்மில் சேர்ந்தீர்களா, இல்லை காலில் கட்டுப் போட்டு ஒரு மாதம் படுத்திருந்தீர்களா என்பதை மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரியில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் பெயரைச் சொல்கிற அதே மூச்சில் நடையையும் சொல்லுங்கள்.

சித்தப்பா சைக்கிளை விடவில்லை. டாக்டரும் விடச் சொல்லவில்லை. ரத்தம் கொடுக்கிற நாளில் மட்டும் கும்பகோணம் டவுன் பஸ்.